ஓர் இரவு தங்காத விருந்தினர்

டான்யூப் நதியில் கப்பலேறப் புறப்படும் தமிழரும், பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் வந்திறங்கும் ஜனசமுத்திரமும்: யாத்திரிகர் போன பின் ஊருக்கு மிஞ்சுவது என்ன?

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. அண்ணாமலையார் கோயிலின் பே கோபுரத்துக்கு அருகே உள்ள ஒரு தெருவில், இரவெல்லாம் ஓயாத காலடிச் சத்தத்தில் கண் மூடாமல் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவு திறக்க, அறுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் கோலப்பொடிக் கிண்ணத்தைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறார். கோலம் போடத் தரை தெரிய வேண்டுமே! நசுங்கிய பேப்பர் கப்புகள், சாம்பார் சாதம் காய்ந்து ஒட்டிய பாக்குமட்டைத் தட்டுகள், பாதித் தண்ணீரோடு விட்டுப்போன பாட்டில்கள், வார் அறுந்த ஒற்றைச் செருப்பு: அண்ணாமலையை வலம் வந்த புண்ணியவான்கள் அவர் வாசலுக்கு வைத்துப் போன சீர்வரிசை அது.

திண்ணையில் அவருடைய கணவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் பெற்றோருக்காகப் பதிவு செய்திருக்கும் டான்யூப் நதிக் கப்பல் பிரயாணத்தின் நிரல் அது: பாஸாவ், மெல்க், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட்.

"இது என்ன சார் கணக்கு? ஒவ்வொரு ஊருக்கும் நாலு மணி நேரம்னு போட்டிருக்கான். ஒன்பதுக்கு இறக்கிவிட்டு ஒண்ணுக்கு ஏத்திக்கிறானாம். நாலு மணி நேரத்துல ஒரு ஊர்ல என்னத்தப் பாக்கிறது?" என்று என்னிடம் நீட்டினார்.

நான் பதில் சொல்வதற்குள், குனிந்த தலை நிமிராமல் அந்த அம்மாள் சொன்னார்: "நம்ம ஊருக்கு வர்றவங்க மட்டும் எத்தனை நாள் இருக்காங்க? ராத்திரி வர்றாங்க, சுத்தறாங்க, விடியறதுக்குள்ள பஸ் ஏறிடறாங்க. நாம போறதும் அப்படித்தான்."

ஐரோப்பிய நதிப் பிரயாணத்தைப் பற்றி வண்ணப் படங்களோடு எத்தனையோ விளம்பரங்கள் வந்துகொண்டிருக்கும் இந்நாளில், அவற்றுள் ஒன்றிலும் காணாத ஒரு கேள்வியைத் துடைப்பத்தின் ஓசைக்கு நடுவே அவர் எழுப்பிவிட்டார். அந்தக் கேள்வியின் வழியாகவே இந்த விஷயத்தைப் பார்க்கலாம்.

வீடே நகரும் யாத்திரை

ஊர் ஊராக மூட்டை கட்டி அவிழ்க்கும் சிரமம் இல்லாமல், ஒரே அறையில் எட்டு நாள் படுத்தெழுந்து, ஒவ்வொரு காலையும் ஜன்னலைத் திறந்தால் வேறொரு ஊர் வந்து நிற்கும் என்பதே நதிக் கப்பலின் வசீகரம். கடற்கப்பலைப் போல ஆயிரக்கணக்கானோரை அடைத்துச் செல்லும் மிதக்கும் மாநகரம் இல்லை இது. நூற்றைம்பது, இருநூறு பேர் மட்டுமே ஏறும் நீளமான, உயரம் குறைந்த படகு. ஊருக்கு வெளியே உள்ள துறைமுகத்தில் நிற்காமல், நகரத்தின் நடுவீதிக்கு அருகிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும்.

ரைன் நதியும் டான்யூப் நதியும் வெவ்வேறு கடல்களை நாடி ஓடுபவை. அவற்றை இணைத்துவிட வேண்டும் என்று சார்லமேன் சக்கரவர்த்தி 793-ஆம் ஆண்டிலேயே மண்ணை வெட்டத் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் பவேரிய மன்னர் லுட்விக் ஒரு கால்வாயை வெட்டி முடித்தும், அது ரயிலோடு போட்டியிட மாட்டாமல் நலிந்தது. இறுதியில் 1992 செப்டம்பரில்தான், பாம்பெர்க் நகருக்கும் கெல்ஹைம் நகருக்கும் இடையே ரைனில் கலக்கும் மெயின் நதியை டான்யூபோடு இணைக்கும் 171 கிலோமீட்டர் நீளமுள்ள மெயின்–டான்யூப் கால்வாய் திறக்கப்பட்டு, வடகடலிலிருந்து கருங்கடல் வரை ஒரே நீர்வழி உண்டாயிற்று. அந்தக் கால்வாயின் உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் 406 மீட்டர்; 2,668 அடி உயரமுள்ள நம் அண்ணாமலையில் ஏறக்குறையச் சரிபாதி. கப்பல் ஒன்று அவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறது என்பதைக் காகிதத்தில் படித்தபோது நம்பாத நான், என் சொந்தக் கப்பல் பிரயாணத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்கு விழித்து ஜன்னல் திரையை விலக்கியபோது நம்பினேன்.

வெளியே ஆறும் இல்லை, வானமும் இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஈரம் சொட்டும் கறுத்த சிமெண்டுச் சுவர் ஒன்று மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது நான் படுத்திருந்த கட்டில். முன்னும் பின்னும் கதவடைத்த பெரிய தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி மேலே தூக்குகிறார்கள்; இதற்கு 'லாக்' என்று பெயர். தொட்டியின் அகலம் 12 மீட்டர். கப்பலின் அகலம் 11.4 மீட்டர். இரு பக்கமும் ஓர் அடி இடைவெளி விட்டு, ஒரு சிராய்ப்பும் படாமல் அந்த நீண்ட கப்பலை உள்ளே செலுத்தி வெளியே கொண்டுவரும் மாலுமியின் கைவண்ணத்தை, தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரின் லாவகத்தை அறிந்த திருவண்ணாமலைக்காரர்கள் எளிதில் மெச்சுவார்கள்.

நம் தேசத்துக்கும் இது புதிதன்று. காக்கிநாடாப் பக்கத்திலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போய்வந்த பக்கிங்காம் கால்வாயை, 1876–78 பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வந்த ஏழை ஜனங்களின் கைகள்தாம் நீட்டித்தன; இன்று அது பல இடங்களில் சாக்கடையாகிக் கிடக்கிறது. மறுபுறம், 2023 ஜனவரி 13 அன்று வாராணசியிலிருந்து திப்ருகருக்கு 51 நாள் பிரயாணமாக 'கங்கா விலாஸ்' கப்பல் புறப்பட்டபோது, அதில் ஏறியவர்கள் 32 சுவிட்சர்லாந்து யாத்திரிகர்கள். அவர்கள் நம் ஆற்றைப் பார்க்க வருகிறார்கள். நாம் அவர்கள் ஆற்றைப் பார்க்கப் போகிறோம்.

■ பெட்டிச் செய்தி: நதிக் கப்பல், சில அளவுகள்

• டான்யூப் நதியின் நீளம் சுமார் 2,850 கி.மீ.; அது தொடும் நாடுகள் 10; தலைநகரங்கள் 4: வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட்.
• ரைன் நதியின் நீளம் சுமார் 1,230 கி.மீ.
• பெரிய நதிக் கப்பலின் நீளம் 135 மீட்டர். லாக் தொட்டியின் அளவே கப்பலின் அளவை நிர்ணயிக்கிறது.
• மெயின்–டான்யூப் கால்வாயில் உள்ள லாக்குகள் 16.
• ரைன் கரையில் உள்ள கொலோன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டர். தேவாலயப் பணி 1248-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, சேவப்ப நாயக்கர் முடித்த அண்ணாமலையார் ராஜகோபுரம் 66 மீட்டர், 11 நிலைகள்.

நாலு மணி நேரம் என்பது எவ்வளவு?

தலைமையாசிரியரின் கேள்விக்கு வருவோம். நாலு மணி நேரம் குறைவா, நிறைவா? ராஜகோபுரத்தை வணங்கிப் புறப்பட்டு, இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை அஷ்டலிங்கங்களையும் தொழுது, மலையை வலப்புறமாகவே கொண்டு 14 கிலோமீட்டர் பாதையை நடந்து முடிக்க ஒரு சராசரி மனிதருக்கு ஆகும் நேரம் அந்த நாலைந்து மணிதான். ஆகவே, நேரத்தில் குற்றமில்லை. அதை நாம் செலவழிக்கும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதைப் போல மெல்ல நடக்க வேண்டும் என்பது கிரிவலத்தின் பழைய விதி.

கப்பல் வைக்கும் விதியோ வேறு. கரையிறங்கியதும் எண் எழுதிய பலகையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்க, காதில் செருகிய கருவியில் அவர் குரல் ஒலிக்க, அந்த எண்ணைத் தொலைத்துவிடக் கூடாதே என்ற கவலையிலேயே மூன்று அரண்மனைகளையும் இரண்டு தேவாலயங்களையும் ஒரு முற்பகலில் கடந்துவிட்டு, கப்பலுக்குத் திரும்பி நிதானமாக யோசித்தபோது, வியன்னாவில் என் நினைவில் தங்கியிருந்தது அந்தப் பலகையின் எண் மட்டுமே.

பாஸாவில் நான் கூட்டத்தைவிட்டு விலகினேன். அங்கே டான்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று நதிகள் கலக்கின்றன. பனிமலையிலிருந்து வரும் இன் நதி வெளிறிய பச்சை, சதுப்பு நிலத்திலிருந்து வரும் இல்ஸ் கறுப்பு, நடுவே டான்யூப் தன் நிறத்தில். நம் திரிவேணி சங்கமத்தில் சரஸ்வதியை மனக்கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே மூன்றாவது நதியும் ஊனக்கண்ணுக்கே தெரிகிறது. முக்கின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு கிழித்து ஆண்டு எழுதி வைத்திருப்பதைக் கண்டேன். 2013 ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டரை எட்டியது. 1501-க்குப் பிறகு அவ்வளவு வெள்ளம் வந்ததில்லை. அந்தக் கோடு என் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. அதன் கீழே நின்ற பத்து நிமிஷம் எனக்கு அந்த ஊரைச் சொல்லிவிட்டது. அருகே உள்ள பேராலயத்தில் 17,974 குழல்கள் கொண்ட பேரார்கன் வாத்தியம் இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு நேரமில்லாமற் போனதில் வருத்தமில்லை.

வரவேற்ற நகரங்கள் வாய் திறக்கின்றன

யாத்திரிகனுக்கு இது இன்பமானால், கரையில் இருப்பவனுக்கு என்ன? மூன்று வேளைச் சாப்பாடும், படுக்கையும், மாலைச் சங்கீதமும் கப்பலிலேயே முன்பணத்தில் அடங்கிவிட்டதால், இறங்குகிறவர் கரையில் வாங்குவது ஒரு காபியும், ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு பொம்மையுமாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தெருவை நிறைக்கிறார், கல்லாவை நிறைப்பதில்லை. ஊரின் குப்பைத்தொட்டி, கழிப்பறை, நடைபாதை எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவற்றைப் பராமரிக்கும் வரியில் பங்கு இல்லை.

இந்தக் கணக்கை முதலில் உரக்கச் சொன்ன ஊர்களில் வெனிஸும் ஆம்ஸ்டர்டாமும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கடற்கப்பல்கள் வெனிஸின் நடு நீர்வீதியில் நுழைவதற்குத் தடை வந்தது. 2024 ஏப்ரலில், கூட்டம் மிகுந்த நாட்களில் பகல்வேளைக்கு மட்டும் வந்து போகிறவர் 5 யூரோ கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அந்த விதியில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: நகரத்துக்குள் ஓர் இரவு தங்குகிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. தங்குகிறவர் விடுதியில் வேறொரு வரி தருகிறார், கடையில் சாப்பிடுகிறார், கூட்டம் கலைந்த பின்னும் இருக்கிறார். ஆகவே அவர் விருந்தினர். மற்றவர் வழிப்போக்கர். ஆயிரமாண்டு வணிகத்தில் ஊறிய ஒரு நகரம், விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் நடுவே ஓர் இரவைக் கோடாகக் கிழித்திருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: நகரங்கள் வகுத்த விதிகள்

• வெனிஸ்: 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு சான் மார்க்கோ பகுதியிலும் ஜூதெக்கா கால்வாயிலும் 2021 முதல் தடை. பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் 2024-இல் 29 நாட்கள், 2025-இல் 54 நாட்கள்.
• ஆம்ஸ்டர்டாம்: கப்பலில் வந்து இறங்கிப் போகும் பயணிகளுக்கு 2024-இல் தலைக்கு 14.50 யூரோ வரி விதிக்கப்பட்டது. நதிக் கப்பல்களின் வருகையை 2028-க்குள் ஏறக்குறையப் பாதியாக, ஆண்டுக்கு 1,150 என்ற எல்லைக்குள் குறைக்க 2024-இல் முடிவு.

அண்ணாமலையின் கணக்கு

கடலும் இல்லாத, கப்பல் செல்லும் ஆறும் இல்லாத திருவண்ணாமலையும் ஒரு துறைமுக நகரமே. பௌர்ணமி மாலையில் ஊருக்கு வெளியே போடப்படும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள்தாம் அதன் துறைகள். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து நிற்கும் பேருந்துகளே அதன் கப்பல்கள். 2024 மே மாதம் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை வந்த ரயில் திருவண்ணாமலைக்கு நீட்டிக்கப்பட்ட பின், வருகை இன்னும் சுலபமாயிற்று. அதே ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஆனால் எந்த மாநகராட்சியின் குழாயும், சாக்கடையும், துப்புரவுப் பணியாளர் எண்ணிக்கையும் அந்த ஊரில் வசிப்பவர்களின் தலையை எண்ணி வகுக்கப்படுகின்றனவே தவிர, ஓர் இரவு வந்துபோகும் லட்சங்களை எண்ணி வகுக்கப்படுவதில்லை.

இவ்விடத்தில் நியாயத்தை மறக்கக் கூடாது. நதிக் கப்பலில் ஏறுகிறவர் வசதி படைத்தவர். கிரிவலம் வருகிறவரோ பல சமயம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக் கட்டணத்துக்கு மட்டும் பணம் முடிந்துகொண்டு வருகிறவர். ஆம்ஸ்டர்டாம் தன் விருந்தினரிடம் வரி கேட்பதைப் போல, ஈசனைச் சுற்ற வந்தவரிடம் ஒரு ரூபாய் கேட்பதும் அடாது. அவருக்கு வழியெல்லாம் சோறிடும் அன்னதானம், கப்பல் கொடுக்கும் முன்பணச் சாப்பாட்டைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்த தர்மம். எனினும், தர்மம் செய்தவரும் உண்டவரும் போன பிறகு அந்தத் தட்டை எடுப்பவர் யார் என்ற கேள்விக்குப் பக்தி பதில் சொல்வதில்லை. கார்த்திகை தீபத்தின்போது அன்னதானத்துக்கு முன் அனுமதியும், அதற்கென்று இடமும் நிர்வாகம் விதித்திருப்பது நல்ல தொடக்கம். பௌர்ணமிதோறும் அந்த ஒழுங்கு வேண்டும்.

வெனிஸ் கற்றுத் தரும் பாடம் கட்டணத்தில் இல்லை, காலத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. கிரிவலத்துக்குப் பௌர்ணமிதான் வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் கட்டாயப்படுத்தவில்லை; வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு பலனைச் சொல்வதே ஸ்தல மரபு. செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ வந்து, ஓர் இரவு தங்கி, விடியலில் ஆதி அண்ணாமலைப் பக்கத்தில் மலை நிறம் மாறுவதைப் பார்த்து நடப்பவர், பௌர்ணமியின் நெரிசலில் முன்னே செல்பவரின் முதுகை மட்டும் பார்த்து நடந்தவரைவிட அதிகமாகவே மலையைத் தரிசித்திருப்பார். பூக்காரிக்கும் விடுதிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒரு நாள் பிழைப்பு முப்பது நாள் பிழைப்பாகப் பரவும்.

ஆறும் மலையும் விதிக்கும் நிபந்தனை

மனிதர்கள் எல்லை வகுக்கத் தயங்கும்போது இயற்கை வகுத்துவிடுகிறது. 2018 அக்டோபரில் ரைன் நதி வற்றி, காவுப் என்னும் இடத்து அளவுகோல் 25 சென்டிமீட்டரைக் காட்டிற்று. 2022 ஆகஸ்டிலும் அதே கதை. அத்தகைய காலங்களில் கப்பல் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, வற்றிய பகுதியைக் கடத்தி, அப்பால் நிற்கும் வேறொரு கப்பலில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. 2024 செப்டம்பரில் இதற்கு நேர்மாறாக, டான்யூப் கரைபுரண்டதால் ஆஸ்திரியாவில் கப்பல் போக்குவரத்தே நின்றது. நெரிசலின் விலை சில சமயம் உயிராகவும் இருக்கிறது: 2019 மே 29 இரவு, புடாபெஸ்டின் மார்கரெட் பாலத்தருகே பெரிய நதிக் கப்பல் ஒன்று மோதி, 'ஹாப்லயானி' என்னும் சிறு உல்லாசப் படகு மூழ்கியது, அதிலிருந்த 35 பேரில் பிழைத்தவர் 7 பேரே.

டான்யூப் கரைபுரண்ட அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் விழ, குழந்தைகள் உள்பட ஏழு பேர் மாண்டனர். அந்த இரவுதான் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. இரு வாரத்துக்குள் கார்த்திகை தீபம் வந்தது. மண் இறுகவில்லை என்று வல்லுநர்கள் கூறியதால், மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்க வேண்டியவர்கள் மட்டுமே ஏறினார்கள். டிசம்பர் 13 மாலை தீபம் வழக்கம் போலவே எரிந்தது. ஊரெங்கும் நின்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார்கள். பக்தி அதனால் குறைந்துவிட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

■ பெட்டிச் செய்தி: நதிப் பிரயாணம் புறப்படுமுன்

• ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் எந்த நாட்டில் கழியுமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம்.
• 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு தேவை.
• கப்பல் பெல்கிரேட் வரை போவதானால், செர்பியா ஷெங்கன் நாடு அன்று. திரும்ப நுழைவதற்குப் பலமுறை நுழைவு விசா வாங்கியிருக்க வேண்டும்.
• சைவ உணவு வேண்டுவோர் முட்டை, மீன் சேராது என்பதையும் விவரமாக எழுதி முன்கூட்டியே தெரிவிப்பது நலம்.

தங்கியவர் படைத்த தீர்த்தம்

ஐரோப்பிய நீர்வழிகளில் தமிழன் வெறும் பிரயாணி மட்டுமல்லன் என்பதற்கு ஜெர்மனியிலேயே ஒரு சாட்சி உண்டு. ஹாம் நகரத்தின் ஊன்ட்ராப் பகுதியில், போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. 17 மீட்டர் கோபுரம். அருகே ஓடும் டாட்டல்ன்–ஹாம் கால்வாய் நிலக்கரிச் சரக்குக்காக 1914-இல் திறக்கப்பட்டது. ஆண்டுத் திருவிழாவில் தேருக்குப் பின் அம்பாள் அந்தக் கால்வாய்க் கரைக்குத்தான் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறாள். கரி சுமந்த தண்ணீர் தீர்த்தமாயிற்று. கப்பலில் நாலு மணி நேரம் வந்துபோனவர்களால் ஆனதன்று இது. அங்கேயே அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, வரி கட்டித் தங்கியவர்களால் ஆனது.

அண்ணாமலையும் தங்கியவர்களால்தான் உலகப் பிரசித்தி பெற்றது. 1896 செப்டம்பர் முதல் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதில் வந்திறங்கிய வேங்கடராமன் என்ற சிறுவர், 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷியாகச் சமாதியடையும் வரை, ஏறக்குறைய ஐம்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஊரை விட்டு நகரவில்லை. ஐரோப்பியர்கள் இந்த மலையைத் தேடி வந்ததற்குக் காரணம், இங்கே ஒருவர் நகராமல் இருந்ததே.

நான் விடைபெறும் வேளையில் வாசல் துலங்கிவிட்டது. அள்ளிய குப்பை மூட்டை கட்டப்பட்டுத் தூணோரம் இருக்க, அந்த அம்மாள் புள்ளி வைத்து முடித்து, இழை கூட்டிக்கொண்டிருந்தார். இடையில் தலையை நிமிர்த்தி, கணவரிடம் சொன்னார்:

"பையன்கிட்ட சொல்லுங்க, கப்பல் முடிஞ்சதும் அந்தக் கடைசி ஊர்லயே ரெண்டு நாள் ரூம் போடச் சொல்லி. எல்லாரும் போனப்புறம் அந்த ஊரு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

தலைமையாசிரியர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, நிரலின் அடியில் பென்சிலால் எழுதினார்: புடாபெஸ்ட், இரண்டு இரவு.